வலது ஓரத்தில் ஒரு வெட்டு

கல்கத்தா - 29
ஆகஸ்ட் 24

சிரஞ்சீவி ஹம்சினிக்கு,

ஹூக்ளி நதிக்குக் கிழக்கே ஓட்டை குத்துவதில் நிகரற்றவனும், லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியின் சக்கரவர்த்தியும், உன் அம்மாவின் ஒரே அண்ணனுமான வெங்கடநாராயணன் எழுதுவது. இங்கே சகலரும் க்ஷேமம். சகலரும் என்றால் நானும் அலமு மாமியும். ஆயா ஜோத்ஸ்னாவைச் சேர்த்தால் இரண்டரை பேர். அவள் எட்டிலிருந்து எட்டு வரைதான் நம் பிரஜை.

நீ டப்ளினிலிருந்து அனுப்பிய லிங்க் வந்து சேர்ந்தது. வாட்ஸ்அப்பிலேயே பதில் போட்டிருக்கலாம். போட்டால் நீ ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். கடிதம் என்றால் ஒரு பக்கமாவது படித்துத்தானே ஆகவேண்டும்.

"மாமா, நீங்க அளந்துண்டே இருப்பேளே அந்தப் பஞ்ச் கார்டு, அதை ஒரு சின்ன புரோகிராமா எழுதிட்டேன், என்ன தட்டினாலும் கார்டா வரும்" என்று நீ பேசி அனுப்பியதை மூன்று தடவை போட்டுக் கேட்டேன். என் பெயரைத் தட்டினேன். மஞ்சள் அட்டை வந்தது. எண்பது கட்டம் அகலம், பன்னிரண்டு வரிசை உயரம், ஒவ்வொரு எழுத்துக்கும் கட்டத்துக்குள் இரண்டிரண்டு ஓட்டை. சரிபார்த்தேன். ஒன்றுகூடத் தப்பில்லை. எழுபத்தேழிலிருந்து எண்பத்தாறு வரை டல்ஹௌசி ஆபீசில், கம்ப்யூட்டர் படிப்பதற்காக நான் அட்டையில் குத்திய ஓட்டைகளை ஒன்றாகச் சேர்த்தால் ஹௌரா பாலத்தையே அதன் வழியாக நுழைத்து எடுத்துவிடலாம். அப்பேர்ப்பட்டவன் சொல்கிறேன், நன்றாகவே செய்திருக்கிறாய்.

ஆனால் குறை சொல்லாவிட்டால் நான் உன் மாமா இல்லை. தமிழில் தட்டினால் வெறும் அட்டை வருகிறது. நம் மொழியின் சகல இலக்கியமும் உன் புரோகிராமுக்கு ஒரு வெற்று அட்டை. போகட்டும், எங்கள் மெஷினுக்கும் இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான் தெரியும். இரண்டாவது, அட்டையின் மேலே எழுத்தையும் அச்சடிக்கிறாய். எங்கள் மெஷின் பழைய மாடல், எழுத்தெல்லாம் வராது, ஓட்டையைத்தான் படிக்கவேண்டும். அதை எடுத்துவிடு. மூன்றாவதுதான் முக்கியம். வெரிஃபையர் வெட்டு எங்கே?

உனக்கு இது தெரியாது, சொல்கிறேன். நான் பஞ்ச் ஆபரேட்டர். உன் மாமி பக்கத்து அறையில் வெரிஃபையர். குத்தின ஆளே சரிபார்க்கக்கூடாது என்பது சட்டம். நான் குத்திய அட்டையை அவள் தன் மெஷினில் வைத்து, நான் பார்த்த அதே தாளைப் பார்த்து, முதலிலிருந்து மறுபடி தட்டுவாள். இரண்டும் ஒத்துப்போனால் அட்டையின் வலது ஓரத்தில் மெஷின் சின்னதாக ஒரு வெட்டு போடும். ஓகே என்று அர்த்தம். ஒத்துப்போகாவிட்டால் விளக்கு எரியும். மூன்று சந்தர்ப்பம் உண்டு. மூன்றாவதிலும் தகராறு என்றால், தப்பான கட்டத்துக்கு நேர் மேலே, மேல் விளிம்பில் வெட்டு விழும். என் அட்டைகளின் மேல் விளிம்பு எலி கடித்த மாதிரி இருக்கும் என்பாள் மாமி. அபாண்டம். அணில் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

கல்யாணத்துக்கு அப்புறமும் அவள் வேலையை விடவில்லை. நான் கூடத்தில் உட்கார்ந்து, ரிசப்ஷனுக்குப் பத்தாயிரம் பேர் வந்தார்கள் என்று யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பேன். சமையலறையிலிருந்து "இருநூத்தி நாப்பது" என்று குரல் வரும். போன கார்த்திகையில் அந்த ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து குரல் வரவில்லை. பத்தாயிரம் என்றால் பத்தாயிரமாகவே நிற்கிறது. பொய் சொல்வதில் ருசியே போய்விட்டது, போ.

வலது கை வரவில்லை, பேச்சு வரவில்லை. இடது கை நன்றாக இருக்கிறது. கண் திறந்து பார்க்கிறாள். எவ்வளவு புரிகிறது என்று சொல்வதற்கில்லை என்கிறார் நியூராலஜி டாக்டர். கிரிதர் பெங்களூரிலிருந்து ஞாயிறு தவறாமல் பேசுகிறான். கோயமுத்தூர் பக்கத்தில் ஒரு ஹோம் பார்த்திருக்கிறானாம், படுக்கையில் இருப்பவர்களுக்கென்றே நல்ல வசதியாம். "அம்மாவை அங்க விட்டுடலாம்ப்பா, நீங்க எங்களோட வந்துடுங்கோ, அவளுக்குத்தான் எந்த இடம்னே தெரியலையே" என்றான். தெரியும் என்றேன், எல்லாம் புரிகிறது அவளுக்கு என்றேன். அவன் சிரித்தான். ஹௌரா பாலத்தை ஓட்டைக்குள் நுழைத்தவன் பேச்சை எந்தப் பிள்ளை நம்புவான்.

அதனால்தான் அந்த மேல் எழுத்தைச் சீக்கிரம் எடு என்கிறேன். மாமியிடம் ஒரு அட்டையைக் காட்டிப் பார்க்கப் போகிறேன். எங்கள் ஆபீசில் ஓட்டையைப் பார்த்தே கடகடவென்று படிக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

எனக்கு ஒன்றுமில்லை, கவலைப்படாதே. ஒரு நாளைக்கு நாலு தடவை மூன்று மாடி ஏறுகிறேன், மான்குட்டி மாதிரி.

ஆசீர்வாதத்துடன்,
மாமா


கல்கத்தா - 29
செப்டம்பர் 15

சிரஞ்சீவி ஹம்சினிக்கு ஆசீர்வாதம்.

மேல் எழுத்து போய்விட்டது, பார்த்தேன். உன் புரோகிராம் இப்போது எங்கள் மெஷினைப் போலவே வாயில்லாப் பிராணியாகிவிட்டது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். சோதனைக்கு ஒரு வாக்கியம் வேண்டும். மாமிக்குச் சுருக்கென்று படவேண்டும், தெரிந்துதான் மறுக்கிறாள் என்று நிச்சயமாகத் தெரியவேண்டும். அரை நாள் யோசித்து, "அலமு ரசம் உப்பு அதிகம்" என்று இங்கிலீஷ் எழுத்தில் தட்டினேன். நாற்பத்தாறு வருஷத்தில் ஒரே ஒரு தடவை இப்படிச் சொல்லி மூன்று நாள் தயிர்சாதம் தின்றவன் நான். உயிரைப் பணயம் வைத்துத்தான் தட்டினேன்.

கரியாஹாட்டில் பூஜைக் கூட்டம் இப்போதே ஆரம்பித்துவிட்டது. புடவைக் கடைகளுக்கு நடுவே நீந்திப் போய் ஒரு ஜெராக்ஸ் கடையில் கெட்டி அட்டையில் அச்சடித்து வாங்கினேன். ஏழரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைச்சல், அசல் அளவு. கடைக்காரன் இது என்ன, லாட்டரியா என்றான். ஒரு விதத்தில் அப்படித்தான் என்றேன். வெறும் கறுப்புக் கட்டம் போதாது, அவள் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துத்தான் படிப்பாள். அதனால் மாமி மத்தியானம் தூங்கும்போது உட்கார்ந்து பிளேடால் ஒவ்வொன்றாக வெட்டினேன். நாற்பத்திரண்டு ஓட்டை, இரண்டு மத்தியானம். ஆபீசில் எனக்கு இது அரை நிமிஷ வேலை.

ஞாயிற்றுக்கிழமை கிரி வீடியோவில் இருக்கும்போதே கொடுத்தேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம். மாமி இடது கையில் வாங்கினாள். விரலால் மூலையைத் தடவினாள். அட்டையைத் திருப்பினாள். மறுபடி தடவினாள், மறுபடி திருப்பினாள். நாலு தடவை. பிறகு போர்வை மேல் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். கிரி, "அப்பா, போதும்ப்பா" என்றான். அன்று சாயங்காலமே கோயமுத்தூரில் இடம் சொல்லிவிட்டான். விஜயதசமிக்கு மறுநாள் வந்து அழைத்துப்போகிறான்.

அதற்கப்புறம் ஐந்து நாள் நான் பொய்யே பேசவில்லை என்றால் என் நிலைமையை நீ ஊகித்துக்கொள்ளலாம். ஜோத்ஸ்னாகூட, "மேஷோமஷாய், உடம்பு சரியில்லையா" என்று பெங்காலியில் கேட்டாள்.

ஆறாம் நாள் ஜோத்ஸ்னாவுடைய புது சிம் வந்தது. போனைத் திறந்து வைத்துக்கொண்டு, இது எந்தப் பக்கம் போகும் என்று என்னிடம் கேட்டாள். வெட்டின மூலையைப் பார்த்துப் போடு, அதற்குத்தானே ஒரு மூலையை வெட்டியிருக்கிறான் என்று பெரிய எஞ்சினியர் மாதிரி சொன்னேன். சொல்லிவிட்டு அப்படியே நின்றேன்.

ஹம்சினி, பஞ்ச் கார்டுக்கு இடது மேல் மூலை வெட்டியிருக்கும். எது மேல், எது கீழ், எது முன்பக்கம் என்று அந்த மூலையை வைத்துத்தான் தெரியும். நீ நாலு மூலையும் முழுசாக ஒரு செவ்வகம் வரைந்திருக்கிறாய். உன் மேல் தப்பில்லை, நீ அட்டையைத் தொட்டே பார்த்ததில்லை. ஒன்பது வருஷம் தொட்டவன் கவனிக்கவில்லை பார், அதற்கு என்ன சொல்கிறாய். மாமி நாலு தடவை திருப்பியது குழப்பத்தில் இல்லை. நாலு மூலையிலும் வெட்டைத் தேடினாள். கிடைக்கவில்லை. மூலை வெட்டாத அட்டை மெஷினுக்குள் போகாது, தள்ளுபடி. அதுதான் போட்டுவிட்டாள்.

கத்தரிக்கோலால் மூலையை வெட்டி மறுபடி கொடுத்தேன். விரல் நேராக வெட்டுக்குப் போயிற்று. அட்டையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கினாள். கண் இடமிருந்து வலமாக நகர்ந்தது. இதை நான் மிகைப்படுத்தவில்லை, நீ நம்பித்தான் ஆகவேண்டும். பிறகு அட்டையை மடியில் வைத்து, கட்டைவிரல் நகத்தால் மேல் விளிம்பில் அழுத்தி ஒரு பள்ளம் போட்டாள். எண்ணிப் பார்த்தேன். பதினெட்டாவது கட்டம். "அதிகம்" ஆரம்பிக்கிற இடம்.

உடனே கிரிக்குப் போன் செய்தேன். அவன் பொறுமையாகக் கேட்டான். "சரிப்பா, இப்ப வீடியோல பண்ணச் சொல்லுங்கோ" என்றான். போனைக் காட்டினால் அவள் அட்டையைத் தொடவே மாட்டேன் என்கிறாள். ஆபீசிலும் அப்படித்தான், சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். இதைச் சொன்னேன். "நகக் குறி யாரோடதுன்னு எப்படிப்பா தெரியும்" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. களைத்துப்போய்க் கேட்டான். அவனுக்கும் அங்கே ஆயிரம் பாடு.

உன் புரோகிராமில் மூலையை வெட்டு. அப்படியே வலது ஓர வெட்டையும் ஒரு பட்டனாக வைத்துவிடு.

புதன்கிழமை பாத்ரூமில் லேசாகச் சறுக்கிற்று. ஒன்றுமில்லை. கிரியிடம் சொல்லாதே.

ஆசீர்வாதத்துடன்,
மாமா


கல்கத்தா - 29
மஹாளயத்துக்கு மறுநாள்

என் அன்புள்ள ஹம்சினிக்கு,

தபால் போய்ச் சேருவதற்குள் கிரி வந்துவிடுவான். அதனால் இதை எழுதி முடித்ததும் ஜோத்ஸ்னாவை விட்டுப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். அசல் பின்னால் வரும். அதோடு ஒரு அட்டையும் வரும், பத்திரம்.

கீழே பூஜைப் பந்தலுக்காகத் தெருவை அடைத்து மூங்கில் கட்டிவிட்டார்கள். ஆட்டோ உள்ளே வருவதில்லை. எனக்கு யானை பலம் இருந்தும் மருந்துக் கடைக்குப் போய்வர முக்கால் மணி ஆகிறது. பார், பழக்கதோஷம். பலம் என்று எழுதிவிட்டேன். அடித்துவிட்டுத் திருப்பி எழுதச் சோம்பல், இருக்கட்டும்.

போன கடிதத்தில் லேசாகச் சறுக்கிற்று என்று எழுதினேனே, அது நான் தனியாகச் சறுக்கியதில்லை. ஜோத்ஸ்னா அன்று வரவில்லை. மாமியை நாற்காலியிலிருந்து தூக்கிப் பாத்ரூமுக்குக் கொண்டுபோனேன். ஈரம். அவள் விழவில்லை, என் மேல் சாய்ந்துவிட்டாள். நான்தான் கீழே. விலா எலும்பில் ஒரு விரிசல். இரண்டு பேரும் தரையில் இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தோம், எழுந்திருக்க வழி தெரியாமல். எதிர் வீட்டு கோஷ் பாபு வந்து தூக்கிவிட்டார். அன்று சாயங்காலம் கிரி பேசினான். மாமி பக்கத்தில்தான் படுத்திருந்தாள். எனக்கு ஒரு கஷ்டமும் இல்லைடா, ராஜா மாதிரி இருக்கிறேன் என்றேன்.

அப்புறம் ஒரு யோசனை வந்தது. கிரி நேரில் வரும்போது சாட்சி வேண்டும் அல்லவா. "எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை" என்றே ஒரு அட்டை தயார் செய்து, மாமி அதற்கு வலது ஓரத்தில் ஓகே போட்டுவிட்டால் போதும். இதோ பார், உன் அம்மாவே சரிபார்த்துவிட்டாள், நாங்கள் இங்கேயே இருக்கிறோம், நீ ரசகுல்லா சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போ என்று சொல்லிவிடலாம். மாமி கிரியின் கண்ணெதிரிலேயே வெட்டுப் போடமாட்டாள், அதற்குக் கோஷ் பாபுவைப் பக்கத்து அறையிலிருந்து பார்க்கச் சொல்வதாக ஏற்பாடு. எவ்வளவு பெரிய சதி பார்த்தாயா.

நாற்பத்தாறு ஓட்டை. விலா வலியோடு பிளேடு பிடிப்பது எவ்வளவு சுகம் என்பதை வர்ணிக்கமாட்டேன். மூலையை வெட்டினேன். கொடுத்தேன்.

மாமி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். மடியில் வைத்தாள். நகம் வலது ஓரத்துக்குப் போகவில்லை. மேல் விளிம்புக்குப் போயிற்று. இருபத்திரண்டாவது கட்டம். "இல்லை" ஆரம்பிக்கிற இடம்.

கை தவறியிருக்கும் என்று நினைத்தேன். சட்டப்படி மூன்று சந்தர்ப்பம் உண்டே. உன் புரோகிராமில் மறுபடி அதே வரியைத் தட்டி, புதிதாக அச்சடித்து, மறுபடி நாற்பத்தாறு ஓட்டை வெட்டிக் கொடுத்தேன். இருபத்திரண்டு. மூன்றாவது தடவையும் செய்தேன். நடுவில் இரண்டு நாள் அவள் மேல் கோபமாக இருந்தேன், பேசவில்லை. பேசாமல் இருந்ததை அவள் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை, அது இன்னும் கோபம். மூன்றாவது அட்டையில் நகம் விளிம்பைக் கிழித்தேவிட்டது. இருபத்திரண்டு.

ஆபீசில் அவள் தாளைப் பார்த்துத்தான் சரிபார்ப்பாள். இங்கே தாள் ஏது. பத்து மாசமாக அந்தப் படுக்கையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அதுதான் தாள். நான் மாடி ஏறி வந்து கதவுக்கு இந்தப் பக்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது, அவளைப் புரட்டிப் படுக்க வைத்த பிறகு கட்டில் காலருகே உட்கார்ந்துவிடுவது, அவள் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் செய்கிறதெல்லாம். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

நேற்று இன்னொரு அட்டை செய்தேன். "எனக்கு முடியலை." முப்பது ஓட்டைதான், சின்ன வாக்கியம். யாரிடமும் வாயால் சொன்னதில்லை, அதனால் ஓட்டையாக இருக்கும்போது கொஞ்சம் சுலபமாக இருந்தது. அவள் படித்தாள். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு வலது ஓரத்தில் நகத்தால் கிள்ளி ஒரு சின்னத் துண்டை எடுத்துவிட்டாள். அட்டையை என் பக்கம் நீட்டினாள். ஆபீசில் அப்படித்தான் நீட்டுவாள், முகத்தைப் பார்க்காமல்.

அந்த அட்டையைத்தான் உனக்கு அனுப்புகிறேன். மேலே எழுத்து இருக்காது, ஓட்டையாகத்தான் இருக்கும். உனக்குப் படிக்கத் தெரியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் சொன்னால் கிரி நம்பமாட்டான். அது என் சொந்தச் சம்பாத்தியம், யாரையும் குறைசொல்வதற்கில்லை. சின்ன வயசிலிருந்தே அவன் உன் பேச்சைக் கேட்பவன். நீ அவனிடம் இரண்டு விஷயம் சொல்லவேண்டும். முதலாவது, அவன் அம்மாவுக்கு எல்லாம் புரிகிறது. இனி அவள் எதிரில் அவளைப் பற்றி அவள் இல்லாதமாதிரி யாரும் பேசவேண்டாம். ஹோமில் இருப்பவர்களுக்கும் அதைச் சொல்லிவைக்கட்டும். இரண்டாவது, நான் சண்டை போடப்போவதில்லை. கோயமுத்தூருக்கு வருகிறேன். பெங்களூருக்கு இல்லை, கோயமுத்தூருக்கு. இரண்டு கட்டில் போடுகிற ஒரு அறை. ஜன்னல் இருக்கவேண்டும், அவளுக்கு வெளிச்சம் வேண்டும். வேறு ஒன்றும் கேட்கவில்லை. இதை நீ உன் யோசனை மாதிரியே சொல்லு, அப்பாவுக்கு முடியவில்லை என்று மட்டும் உன் வாயால் வரட்டும்.

இன்னொன்று. வலது ஓர வெட்டுக்குப் பட்டன் வைக்கச் சொல்லியிருந்தேன். வைத்திருந்தால் எடுத்துவிடு. எழுத்து, ஓட்டை, மூலை எல்லாம் உன் புரோகிராம் போடட்டும். அந்த வெட்டு மட்டும் வேண்டாம்.

நீ தீர்க்காயுசாக, நல்ல சௌக்கியத்தோடு இருக்கவேண்டும். பத்தாயிரம் வருஷம் என்று எழுத வந்தது. மாமி பக்கத்தில் முழித்துக்கொண்டிருக்கிறாள். நூறு வருஷம் இரு.

உன்,
வெங்கடநாராயண மாமா